தமிழில் வாசிக்க நேரமில்லை

எங்கள் ஏற்காட்டில் நடந்த சர்வதேச இலக்கியத் திருவிழா சர்வதேசமானதில் எனக்கும் சிறு பங்கு உண்டு. ஒண்டிக்கடை பக்கம் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். மீதி நேரத்தில் கவிஞன். வருவதாக இருந்த வெளிநாட்டுக் கவிஞர்கள் மூவரும் கடைசி வாரத்தில் கைவிரித்துவிட, விழாத் தலைவர் என் மேசைக்கு ஓடிவந்தார்.

"ஏனுங்க, உங்க ஓட்டல்ல வெள்ளைக்காரங்க யாராச்சும் தங்கியிருக்காங்களா?"

ஒரு அம்மாள் இருந்தார். பறவை பார்க்க வந்தவர். தினமும் எதையோ ஒரு நோட்டில் எழுதுவார் என்று சொன்னேன். அது போதும் என்றார் தலைவர். மறுநாள் அழைப்பிதழில் அந்த அம்மாள் ஐரோப்பாவின் முக்கியக் கவிஞராகிவிட்டார். அதன் பிறகுதான் அவரிடமே கேட்டார்கள். நல்ல மனுஷி, சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். காப்பிப்பழம் பறிக்கும் என் மனைவியின் கைகளைப் பற்றிய கவிதையை வாசிப்பதாக ஏற்பாடு. பத்திரிகையில் வந்து, ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்ட கவிதை. அவளுக்கு மட்டும் நான் படித்துக் காட்டியதே இல்லை. வீட்டுக்குள் படித்தால், குழம்புக்கு உப்பு போதவில்லை என்று சொல்கிற அதே குரலில் வந்துவிடுமோ என்று கூச்சம். மேடையில் கேட்கட்டும் என்று தள்ளிப்போட்டு வைத்திருந்தேன்.

பழம் கனிந்து கொட்டுகிற பருவம். கரடியூரில் இருக்கிற எங்கள் சின்னத் தோட்டத்தில் பறிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். "என்னைப் பத்தி அப்படி என்னதான் எழுதியிருக்கீங்கன்னு கேட்டே ஆகோணுமுங்க" என்றாள். அவளை முன்வரிசையில் உட்கார வைத்தேன். அது புரவலர்களுக்கான வரிசை என்று கடைசிக்கு அனுப்பிவிட்டார்கள்.

பத்தரை மணிக்கு விழா தொடங்கியது. பன்னிரண்டரை வரை பொன்னாடை போர்த்தினார்கள். தலைவருக்குத் துணைத்தலைவர் போர்த்தினார், துணைத்தலைவருக்குத் தலைவர் போர்த்தினார். வாங்கி வைத்த ஆடைகள் தீர்ந்ததும், போர்த்தியவற்றை மேடைக்குப் பின்னால் திரும்ப வாங்கி, மடித்து, மறுபடி முன்னால் கொண்டுவந்தார்கள். எனக்கு விழுந்த ஆடையில் யாரோ ஒருவருடைய விபூதி இருந்தது.

என் முறை வந்தபோது மணி ஒன்று. பிரியாணி வந்துவிட்டது என்ற செய்தி கூட்டத்தில் பரவிக்கொண்டிருந்தது. தலைவர் என் காதருகே குனிந்தார்.

"உங்க கவிதைய அந்தம்மா இங்கிலீஷ்ல வாசிக்கட்டுமுங்க. ரெண்டும் ஒரே கவிதைதானுங்களே? தமிழ்ல வேற எதுக்குங்க, இங்க இருக்கறவங்க அத்தனை பேருக்கும் தமிழ் தெரியுமே!"

நான் தலையாட்டினேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. விழாவில் இடம் கொடுத்தவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மாள் வாசித்தார். நன்றாகவே வாசித்தார், கடைசி வரியில் குரல்கூடத் தழுதழுத்தது. போட்டோ எடுத்தார்கள். கடைசி வரிசையில் என் மனைவி, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் வருகிற வழியாக இல்லை. அவள்தான் மெல்லக் கேட்டாள்.

"அந்தம்மா படிச்சதுல நான் எந்த எடத்துலங்க வந்தேன்?"

பொன்னாடையைக் கக்கத்தில் இடுக்கியபடி, அங்கேயே, வேர்க்கடலைத் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்று முழுக் கவிதையையும் சொன்னேன். பறித்த பழங்களின் சிவப்பு அவள் உள்ளங்கையில் ஏறிவிட்டது, எத்தனை கழுவியும் போகவில்லை என்று முடியும். ஒரு வரிகூட விடாமல் கேட்டாள்.

"நொம்ப நல்லாருக்குதுங்க" என்றாள். அப்புறம் தன் கையை விரித்துப் பார்த்தாள். "ஆனா காப்பிப்பழம் பறிச்சா கை கறுத்துப் போகுமுங்க, செவக்காது. நல்லவேளை, நீங்க தமிழ்ல படிக்கலை. நம்மூருக்காரங்க நாலு பேரு எம் பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க."

நானும் பார்த்தேன். விரலெல்லாம் கறுப்புதான். பதினோரு வருடமாக அந்தக் கையிலிருந்துதான் காலைக் காப்பியை வாங்கிக் குடிக்கிறேன்.