பினாங்கு போகப் புறப்பட்ட பம்பு

லதா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. உண்மை தெரிந்திருந்தும் நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பியதால் அவர் வேலையையும் விசாவையும் இழந்து, கணவனோடும் பிள்ளையோடும் கோயம்புத்தூருக்குத் திரும்பிப் போனார். நான் இன்றைக்கும் இந்தப் புலம்பெயர் நாட்டில், பென்ரோஸில் அதே பட்டறையில் அதே கதிரையில் இருக்கிறேன்.

காசுக்காகச் செய்திருப்பேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. ஒரு சதம்கூட வாங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இதற்கு விடுப்பு என்று பெயர். தனக்குத் தேவையில்லாத ஒன்றை அறிந்துகொள்ள அந்தரப்பட்டு அலைவது. விடுப்புப் பார்க்கப் போய் ஒரு குடும்பத்தை நாடு கடத்தியவன் நான்!

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நான் வெற்றிடப் பம்புகளைத் திருத்துகிறவன். ஒரு அறைக்குள் இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி வெளியே தள்ளுவது அந்தப் பம்பின் வேலை. இறைச்சி பொதி செய்யும் இடத்துக்கும் பால்மாத் தொழிற்சாலைக்கும் அது வேண்டும். கைபேசிக்குள் இருக்கும் சிப்பைச் செய்யவும் அது வேண்டும். ஆனால் அது வேறு ரகம், மிக நுட்பமானது. மூடப்பட்ட ஓர் ஆய்வுகூடத்திலிருந்து அப்படி ஒன்றை எங்கள் முதலாளி வாங்கி வந்தார், திருத்தி விற்பதற்காக.

அதற்கு முன்பே எனக்கு ஷென்னைத் தெரியும். சீனாவில், சிப் செய்கிற இயந்திரங்களைச் செய்யும் ஒரு சிறிய கம்பனியில் அவர் பொறியாளர். பம்பு திருத்துகிறவர்கள் கூடும் ஓர் இணையத்தளத்தில் நான் எழுதியதைப் பார்த்து ஒரு சந்தேகம் கேட்டார். பதில் சொன்னேன். அப்படியே பழக்கமாகிவிட்டது. மதிய இடைவேளையில் காருக்குள் இருந்து சோறு சாப்பிட்டபடி, மொழிபெயர்ப்புச் செயலியை நடுவில் வைத்துக்கொண்டு, இருவரும் கதைப்போம்.

அமெரிக்காவும் அதன் கூட்டாளிகளும் போட்ட ஏற்றுமதித் தடையைப் பற்றி நீங்களும் வாசித்திருப்பீர்கள். எனக்கு அது ஷென்னின் குரலில் வந்தது. பாகங்கள் நின்றுபோயினவாம். இயந்திரங்களைப் பார்க்க வந்துகொண்டிருந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் ஒரே நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். ஒரு வால்வு இல்லாமல் முழு இயந்திரமும் படுத்துக் கிடக்குமாம். இன்னொன்றையும் சொன்னார். முன்பு அவர்களுடைய இயந்திரத்தை அவர்கள் நாட்டுக்காரரே வாங்கமாட்டார்களாம். இப்போது வேறு வழியில்லாமல் வாசலில் வந்து நிற்கிறார்களாம்!

"அப்ப பாகத்துக்கு என்ன செய்யிறியள்?" என்று கேட்டேன்.

செயலி அவருடைய பதிலைச் சொன்னது: "நாங்களே செய்கிறோம். உடைகிறது. மறுபடி செய்கிறோம்."

நான் யுத்தகாலத்து யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்தவன். எங்கள் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஆகவே தடை என்று யார் சொன்னாலும் என் மனம் விசாரணை ஏதும் இல்லாமல் உள்ளே இருப்பவர் பக்கம் போய் நின்றுவிடுகிறது. எப்படிச் சமாளிக்கிறார்கள், அடுத்து என்ன செய்யப்போகிறார்கள்... அதை அறியாவிட்டால் தலை வெடித்துவிடும் போல இருந்தது.

ஆனால் சீனா யாழ்ப்பாணமா? சவர்க்காரத்துக்கும் பற்றரிக்கும் அலைந்த எங்களைப் போலவா அவர்கள்? அந்தச் சிப் கைபேசிக்குப் போகுமா, ஏவுகணைக்குப் போகுமா என்று ஷென்னிடம் ஒரு தடவையாவது கேட்டேனா? கேட்கவில்லை. எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டவன் அதை மட்டும் கேட்கவில்லை.

புதிதாக வந்த பம்பின் படத்தை அவருக்கு அனுப்பியதும் நான்தான். சில வாரங்களில் பினாங்கிலிருந்து ஓர் ஓடர் வந்தது. உணவுப் பொருள் பொதி செய்யும் நிறுவனமாம். அன்று மதியமே ஷென் சொல்லிவிட்டார், அது தங்களுக்குத்தான் என்று. கழற்றி, ஒவ்வொரு பாகமாக அளந்து பார்க்கப்போகிறார்களாம். பட்டறையில் இது எனக்கு மட்டுமே தெரியும்.

ஏற்றுமதி லதாவின் பொறுப்பு. அவருடைய விசா எங்கள் கம்பனியின் வேலையோடு ஒட்டியிருந்தது. வேலை போனால் விசாவும் போகும். இப்படியான பம்பு வெளிநாடு போவதென்றால், யார் எதற்குப் பாவிக்கப்போகிறார்கள் என்று பார்த்து அவர்தான் கையெழுத்து வைக்க வேண்டும். பம்பைத் திருத்துகிறவன் அதைப் பாவிக்கப்போகிறவரோடு கதைத்துத்தான் அளவுகளை வைப்பான். அதனால் லதா எப்போதும் என்னிடம் வந்துதான் விசாரிப்பார்.

"அண்ணா, இந்தப் பினாங்கு ஆர்டர்... சாப்பாட்டுச் சாமான் பேக் பண்றவங்களுக்கு இவ்ளோ நுணுக்கமான பம்பு எதுக்கு? நீங்க அவங்ககிட்ட பேசினீங்களா?"

எவ்வளவு சரியான கேள்வி! ஆனால் பம்பு போய்ச் சேர்ந்தால்தானே, அதை வைத்து ஷென் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியவரும்.

"ஓம் லதா, கதைச்சனான். பால்மாவுக்குத்தான். மலிவா வருது எண்டு அந்த ஆக்கள் வாங்கினம். பயப்பிடாதேங்கோ."

"அப்படியா? நீங்க சொன்னா சரிதாண்ணா."

பம்பு வழியில் ஒரு துறைமுகத்தில் மறிக்கப்பட்டது. அதிகாரிகள் பட்டறைக்கு வந்தார்கள். கையெழுத்து வைத்தது யார் என்ற கேள்வியோடு விசாரணை முடிந்துவிட்டது. அன்று கார்த் தரிப்பிடத்தில் லதா என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"உங்க பேர நான் சொல்லலண்ணா. உங்களையும்தானே ஏமாத்திட்டாங்க. கையெழுத்து என்னுது."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பிளாக்ஹவுஸ் பேயில் வாங்கிய வீட்டின் மோர்ட்கேஜ் கடன், மகளின் படிப்பு, ஐம்பது வயதில் இனி யார் வேலை தருவார்கள் என்ற பயம், எல்லாம் முன்னால் வந்து நின்றன. "கவலைப்படாதேங்கோ" என்று மட்டும் சொன்னேன். வெட்கம்கெட்டவன்.

இதைவிட வெட்கமான ஒன்று இருக்கிறது. லதா போன பிறகு ஷென் ஒரு வீடியோ அனுப்பினார். அவர்கள் எங்கள் பம்புக்காகக் காத்திருக்கவில்லை. தாங்களாகவே ஒன்றைச் செய்து ஓடவிட்டிருந்தார்கள். நான் காருக்குள் இருந்து சிரித்தேன். கை தட்டினேன். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சுழலும் தண்டைத் தாங்கும் பெயரிங்கில் ஒரு பிசகான சத்தம் கேட்டது. அதையும் கண்டுபிடித்து எழுதி அனுப்பினேன்! என் பொய் தேவைப்படவே இல்லை என்பது அதன் பிறகுதான் உறைத்தது.

நான் கத்தோலிக்கன். தமிழ்ப் பூசைக்குத் தவறாமல் போகிறேன். பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் கோபத்தைச் சொல்லியிருக்கிறேன், குடியைச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்லவில்லை. சொன்னால் சுவாமி என்ன சொல்வார் என்று தெரியும்: போய் அந்தப் பெண்பிள்ளையிடம் சொல்லு என்பார். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை எங்கேயும் அனுப்பமாட்டீர்கள்.

போன கிழமை லதாவிடமிருந்து குரல்செய்தி வந்தது.

"அண்ணா, இங்க ஒரு மோட்டார் கம்பெனில இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. இதே எக்ஸ்போர்ட் வேலைதான். நான் எல்லாம் விசாரிச்சுத்தானே அனுப்பினேன்? எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்கண்ணா. மறுபடி அதப் பண்ணக் கூடாதுல்ல."

பல தடவை எழுதி அழித்தேன். கடைசியில் இதை அனுப்பினேன்: "வாங்கிறவரோட நீங்களே நேரா ஒருக்காக் கதைச்சிருக்கலாம் லதா. மற்ற ஆக்களின்ர சொல்லை நம்பினதுதான் பிழை."

உடனே பதில் வந்தது. "ஆமாண்ணா. அது என் தப்புதான். இனிமே கவனமா இருக்கேன். ரொம்ப தேங்க்ஸ்ணா."

நான் பெருவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றை அனுப்பினேன்.