இரண்டு ஊருக்கு ஒரு மில்

என் வீட்டுக்காரரின் வலது முழங்கையை எங்கள் மில்லுக்குள்ளேயே வைத்து உடைத்தார்கள். இரும்புக் கம்பியை ஓங்கியபோது அவர் தடுக்கக் கையைத் தூக்கினார், அடி அந்தக் கையில் விழுந்தது. விறகு முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. கூட வந்தவன் மிளகாய்ப் பொடி மூட்டையை அரிவாளால் கிழித்தான். பொடி கிளம்பி மில் முழுக்கச் சிவந்துபோனது. அடித்தவர்களுக்கும் கண் எரிந்தது. தும்மிக்கொண்டே அடித்தார்கள். கண்ணைத் திறக்க முடியாமல் நான் கத்திய கத்தலுக்கு ஒருத்தரும் வரவில்லை. ரோட்டில் வந்த பஸ்கூட நிற்காமல் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. கோவில்பட்டியிலிருந்து ஓட்டப்பிடாரம் போகிற பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவே எங்கள் விலக்கு. அங்கே ரோடு பிரிந்து மேற்கே ஒரு ஊருக்கும் கிழக்கே ஒரு ஊருக்கும் போகும். பெயரைச் சொல்லிப் பழைய வம்பை இழுக்க மாட்டேன், மேற்கூர், கிழக்கூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊருக்கும் சேர்த்து விலக்கில் இருந்த ஒரே மாவு மில் எங்களுடையது. கம்பு, சோளம், மல்லி, மிளகாய் வத்தல் எல்லாம் எங்களிடம்தான் திரிக்க வரும். நாங்கள் எந்த ஊரிலும் சேராத வியாபாரக் குடும்பம், அதனால் இரண்டு பேருக்கும் பொது என்று நம்பிக்கொண்டிருந்தோம். அந்த நம்பிக்கையைத்தான் கம்பியால் அடித்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் பி.ஏ. பொருளாதாரம் படித்தவள். ஒருவன் செலவழிப்பது இன்னொருவனுக்கு வருமானம், எல்லோரும் ஒரே நேரத்தில் கையை மூடினால் நாடே படுத்துவிடும் என்று பாடத்தில் உண்டு. பரீட்சைக்கு அதை உருப்போட்டு எழுதி மார்க் வாங்கினேன். கண்ணால் பார்த்தது மாவு மில்லுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகுதான். இன்றைக்கு டிவியில் நாலு பேர் கோட்டு மாட்டிக்கொண்டு, பொருளாதாரம் தேங்கிவிட்டது, முதலீடு வரவில்லை என்று பேசும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் வரவில்லை என்று விலக்கில் நின்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சண்டை பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்கு ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் கிழக்கூர்க்காரன் ஒருவனை வெட்டிப் பருத்திக்காட்டில் போட்டுவிட்டார்கள். மறுநாள் மேற்கூரில் மாட்டுக்கென்று அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டைப் படப்புகள் எரிந்தன. ஆட்டுக்கிடைக்குள் புகுந்து ஆடுகளின் காலை வெட்டினார்கள். ஆடு என்ன செய்தது? அவை கத்திய கத்தல் விலக்கு வரைக்கும் கேட்டது.

பிறகு இரண்டு ஊரிலும் கூட்டம் போட்டுக் கட்டுப்பாடு வைத்தார்கள். 'அவன் திரிக்கிற மில்லில் நாம் திரிக்கக் கூடாது, அவன் ஏறுகிற பஸ்ஸில் நாம் ஏறக் கூடாது, மீறினால் அபராதம், அதையும் மீறினால் ஊர்விலக்கு.' ஒருவரோடு ஒருவர் பேசாமலே இரண்டு ஊரும் ஒரே கட்டுப்பாட்டை வைத்ததுதான் ஆச்சரியம். இந்த ஒற்றுமை வேறு எதற்கும் வந்ததில்லை. கூட்டம் முடிந்த மறுநாள் காலையில், விஷயம் தெரியாமல் என் வீட்டுக்காரர் கிழக்கூர்க் கிழவி ஒருத்திக்கு வத்தல் திரித்துக் கொடுத்தார். மேற்கூர்க்காரர்கள் கம்பியோடு வந்தது அதற்காகத்தான்.

அதற்கப்புறம் ஆளுக்கொரு மில் வைத்தார்கள். வீட்டுக்கு வீடு வரி போட்டு மேற்கூரில் ஒன்று, கிழக்கூரில் ஒன்று. ஆளுக்கொரு டீக்கடை, ஆளுக்கொரு பலசரக்குக் கடை. பார்க்க வளர்ச்சி மாதிரிதான் இருந்தது. ஒரு மில் ஓடுகிற அளவுக்குத்தான் தானியம் தவசம் இருக்கிற இடத்தில் இரண்டு மில் எப்படி ஓடும்? கரண்ட் பில்லுக்கே வருமானம் கட்டாமல் இரண்டும் முடங்கின. பருத்தி ஏற்ற வரும் லாரி இரண்டு ஊர்ப் பருத்தியையும் சேர்த்தால்தான் நிறையும், அரை லாரிக்கு எவன் வருவான்? வியாபாரி வருவதை நிறுத்தினான். பெண்களை வேலைக்கு ஏற்றிப்போன தீப்பெட்டிக் கம்பெனி வேன் மேல் கல்லெறி விழுந்து ஒரு பெண்ணின் நெற்றி பிளந்தது, வேனும் நின்றது. காட்டில் பருத்தி வெடித்து மழையில் நனைந்து கறுத்துப்போனது. எடுக்கக் கை இருந்தது, விற்கத்தான் வழியில்லை.

காசு இல்லை என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. வக்கீலுக்குக் காசு இருந்தது, ஜாமீனுக்கு இருந்தது. லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்து அரிவாள் செய்யக் கொடுத்தார்கள், அதற்கும் இருந்தது. அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் ஓய்வில்லாமல் நடந்த ஒரே தொழில் கொல்லன் பட்டறைதான். கணக்கெடுக்க யாராவது வந்திருந்தால் இரும்புத் தொழில் நன்றாக வளர்கிறது என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்.

என் வீட்டுக்காரரின் முழங்கை கோணலாகச் சேர்ந்தது, கை மடங்கவில்லை. சோற்றை நான்தான் பிசைந்து ஊட்டினேன். மில்லைத் திறக்கலாம் என்றால் திட்டுவார். "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் தெறப்பே? என் கைய ஒடச்சவனுக்கா திரிச்சுக் குடுக்கப் போற?" வயிறு மட்டும் அவர் கோபத்துக்குக் காத்திருக்குமா? ஒருநாள் அவர் கத்தக் கத்த நான் பூட்டைத் திறந்தேன். தவசமாகக் கூலி கொடுத்தாலும் போதும், எந்த ஊர் என்று கேட்க மாட்டேன் என்று விலக்கில் பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள், யாரும் வரவில்லை. வெறும் மோட்டாரை ஓட்டி ஓட்டி நிறுத்துவேன்.

முதலில் வந்தவள், என் வீட்டுக்காரர் மேல் கம்பியை ஓங்கினவனின் பெண்டாட்டி. மத்தியான வெயிலில் தலையில் கம்பு மூட்டையோடு வந்து வாசலில் நின்றாள்.

"யக்கா, திரிப்பீயளா?"

"நீ யாரு வீடுன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான வந்திருக்கேன். அவரு செயில்ல கெடக்காரு. எங்க ஊரு மில்லு நின்னு எவ்ளோ நாளாச்சு. கம்ப எத்தன நாளைக்கு இடிச்சுக்கிட்டே கெடக்க? ஏசணும்னா ஏசிட்டுத் திரிங்க."

அவள் தலைமயிரைப் பிடித்து ஓடுகிற பெல்ட்டுக்குள் கொடுக்கலாமா என்று தோன்றியது. தோன்றியது என்றால் தோன்றியதுதான், இதில் மறைக்க என்ன இருக்கிறது? என் கண் முன்னால் அந்த முழங்கைதான் நின்றது. ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே கிராக்கி அவள். மூட்டையை வாங்கிக் கொட்டினேன். மாவு இறங்கும்போது இரண்டு பேருமே அழுதோம். எனக்கு ஆத்திரத்தில் வந்த அழுகை, அவளுக்கு ஏன் வந்ததோ தெரியாது.

திரித்து முடிப்பதற்குள் மேற்கூரிலிருந்து இரண்டு பேர் பைக்கில் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவன் அவள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். "ஏட்டி, ஊருக் கட்டுப்பாடு ஒனக்கு இல்லயோ?" என்று மாவு மூட்டையைத் தூக்கி ரோட்டில் கவிழ்த்தான். அவள் உதட்டிலிருந்து வந்த ரத்தம் சொட்டுச் சொட்டாக மாவில் விழுந்தது. அவளுக்காக எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் பொய். நான் திரித்த மாவு ரோட்டில் கிடந்தது, அதுதான் எனக்கு வெறியேற்றியது. மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துப் பைக்கின் பெட்ரோல் டேங்கில் குத்தினேன். அடுத்த குத்துக்கு ஓங்கியபோது ஒருவன் என் தோளைப் பிடித்தான். கடப்பாரையைத் திருப்பி அவன் பாதத்தில் இறக்கினேன். அவன் அலறிய அலறலில் விலக்கில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒழுகுகிற வண்டியைத் தள்ளிக்கொண்டு, நொண்டிக்கொண்டு போனார்கள். கிடந்த மாவில் மேலாக இருந்ததை நாங்கள் இருவரும் வழித்து அள்ளினோம்.

கூலி வேண்டாம் என்றேன். அவள் கேட்காமல், திரிக்காமல் மிஞ்சியதில் ஒரு படிக் கம்பை அளந்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வீங்கிய முகத்தோடு அவளே மறுபடியும் வந்தாள், கூட இன்னும் சில பெண்கள். அதைப் பார்த்துக் கிழக்கூர்ப் பெண்களும் வந்தார்கள். எல்லோருக்கும் வீட்டில் தவசம் கிடந்தது. யாராவது ஒருத்தி முதலில் அடி வாங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல், கிழக்குச் சுவரோரம் ஒரு வரிசை, மேற்குச் சுவரோரம் ஒரு வரிசை. இரண்டு வரிசைத் தவசமும் ஒரே கல்லில்தான் விழுந்தது. அபராதம் போட வேண்டுமென்றால் இனி ஊர் முழுக்கப் போட வேண்டும். அதற்கு யாருக்கும் துணிச்சல் வரவில்லை. நாட்டைத் தூக்கி நிறுத்துவது எப்படி என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பயம் விலகாமல் ஒரு மூட்டைகூட வாசலைத் தாண்டாது.

விஷயம் என் வீட்டுக்காரர் காதுக்குப் போனது. சாயங்காலம் நான் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் இடது கையால் என்னை அறைந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னை அடித்ததில்லை. காது அடைத்துப்போனது.

"அவன் பொண்டாட்டிக்குத் திரிச்சியா?"

"திரிச்சேன். நாளைக்கும் திரிப்பேன்."

மறுபடியும் கை ஓங்கினார். நான் நகரவில்லை. ஓங்கிய கையைக் கீழே விட்டார். அடித்த கையாலும் சாப்பிடத் தெரியாத மனுசனை என்ன செய்வது? அடுப்பைப் பற்றவைத்துக் களி கிண்டினேன். உருட்டி அவர் வாய்க்கு நேரே நீட்டிச் சொல்லிவிட்டேன்.

"இது அவன் வீட்டுக் கம்பு. கூலிக்கு அவ அளந்தது. திங்கதுன்னா தின்னுங்க, இல்லன்னா துப்புங்க."

என் கன்னத்தில் அவருடைய விரல்கள் பதிந்திருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணில் நீர் நிறைந்தது. பிறகு வாயைத் திறந்தார். மென்றார், முழுங்கினார், இன்னொரு உருண்டைக்கும் வாயைத் திறந்தார்.

"மாவு நறநறன்னு கெடக்கு. கல்லு மழுங்கிட்டு. கொத்தணும்" என்றார்.

மில் கல்லைக் கொத்துவது என்றைக்கும் அவர் வேலை. உளி பிடிக்க ஒரு கை, சுத்தியல் அடிக்க ஒரு கை வேண்டும்.

"ஒங்களால முடியாதே" என்றேன்.

"நான் பக்கத்துல ஒக்காந்து சொல்லுதேன். நீ கொத்து."