கொள்ளிட மணலில் ஒரு லீக்

பெண்களுக்கான புதிய கிரிக்கெட் லீக்கின் தொடக்க ஆட்டம் டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தது. மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டதும், ஐம்பதுகளின் ஸ்ரீரங்கத்துக்குப் போய்விட்டேன்.

வேதா அக்காவுக்கு அப்போது பதினாறு வயது. சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கேட்டு, இரண்டு அணி சேர்த்தாள். "நாமளும் லீக் ஆடப்போறோம்" என்றாள். கொள்ளிடத்தின் சுடுமணலில், தென்னை மட்டையோடு முதல் ஆட்டம் தொடங்கியது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கா பந்து வீசிக்கொண்டிருந்தபோது, அப்பா குடையோடு வந்து நின்றார்.

"நாளைக்குப் பொண் பார்க்க வரா. வெயில்ல கறுத்துப் போகாதே. கிளம்பு, ஆத்துக்குப் போகலாம்."

"இந்த ஓவரை முடிச்சுட்டு வரேம்பா."

அப்பா கையை நீட்டினார். அக்கா பந்தை அதில் வைத்துவிட்டு அவர் பின்னால் நடந்தாள். மற்றவர்கள் சற்று நேரம் காத்திருந்துவிட்டுக் கலைந்தார்கள். மறுபடி யாரும் கூடவில்லை.

கல்யாணமாகி அக்கா தென்னூர் போனாள். ஒருமுறை அவளைப் பார்க்கப் போனபோது, கைக்குழந்தையோடு அடுப்படியில் இருந்தாள். "எனக்கும் பந்து போடக் கத்துக்கொடேன்" என்றேன்.

"வேண்டாம்டி. கத்துண்டா, விடறது ரொம்பக் கஷ்டம்."

சாகும்வரை அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

டி.வி.யில் ஒரு பெண் ஓவரை முடித்துவிட்டு, நடுவரிடமிருந்து தொப்பியை வாங்கிக்கொண்டாள். அதற்குமேல் பார்க்க முடியாமல் அணைத்துவிட்டேன்.