முதல் இசைத்தட்டிலிருந்து வரிசையாக

“இதுல பாடறதுக்கே ஆளில்லீங்க, வெறும் மெஷின் சத்தம். ரெண்டே நாள்ல அழிச்சுக் குடுங்கன்னு வந்து நிப்பீங்க பாருங்க” என்றார் சேலத்தில் கேசட் பதிந்து தரும் கடைக்காரர். பஸ்ஸுக்கு நின்றபோது அவர் கடையில் ஒலித்த ஒரே ஒரு பாட்டில் அந்த வெளிநாட்டு நடன இசைக் குழு என்னைப் பிடித்துக்கொண்டது. இசைத்தட்டு அட்டையின் பின்னாலிருந்த ஆங்கிலத்தைக் கடையிலேயே நின்று படித்தேன். எங்கள் குடும்பத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான்தான். அந்தக் குழுவுக்கு மொத்தம் ஐந்து இசைத்தட்டுகள். முதலாவதிலிருந்து வரிசையாக வேண்டும் என்று வீறாப்பாகச் சொன்னேன். முதல் தட்டைப் பதிந்த கேசட்டோடு பஸ் ஏறியதும் பயம் வந்தது. அவர் சொன்னது நிஜமாகிவிட்டால்?

இளம்பிள்ளையில் எங்கள் விசைத்தறியை நிறுத்திவிட்டு அம்மா சாப்பிட உட்கார்ந்தபோது டேப்பைப் போட்டேன். அவள் பதறி எழுந்தாள்.

“ஏஞ்சாமி, தறிய இப்பத்தான நிறுத்துனேன்?”

“தறியில்லம்மா, பாட்டு!”

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது. அம்மா சோற்றுக் கையோடு காதைச் சாய்த்தாள். “அட, இப்ப ரெண்டாவது தறி சேந்துக்கிச்சு! ஒரு நூல்கூட அறுந்துபோகாம ஓடுது பாரு” என்று தலையாட்டத் தொடங்கினாள்.

மறுநாள் கல்லூரிக்குப் போகும் முன் கடையில் கேசட்டை நீட்டினேன்.

“அழிக்கறதுக்குங்களா?”

“இல்லீங்க, இது புது கேசட்டு. ரெண்டாவது தட்டைப் பதிஞ்சு குடுங்க.”