பதினான்காவது வினாடி

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் கம்பெனி அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. கூட வேலை செய்கிறவர்களுக்கு அவன் ஏணி. ஆளும் அப்படித்தான், ஒல்லி, நெட்டை, எந்தச் சுவரில் சாய்த்தாலும் நிற்பான். செல்போன் டவரில் ஏறுவது வேலை. பத்தொன்பது வருஷமாக ஏறி இறங்கியும் வாழ்க்கையில் ஒரு படிகூட மேலே போகவில்லையே என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அவன் சிரிப்பதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

கம்பெனிக்காரர்கள் எதையும் ஒரே நாளில் செய்வதில்லை. வேகமான நெட்வொர்க் வந்துவிட்டது என்று முதலில் ஊரெல்லாம் பலகை வைப்பார்கள். பிறகுதான் ஏணியைப் போன்றவர்கள் டவர் டவராகப் போய் அதை உண்மையாக்க வேண்டும். ஒவ்வொரு டவரிலும் மூன்று திசை பார்த்து ஆன்டெனா இருக்கும். ஒரு திசைக்கு ஒரு செக்டர் என்று பெயர். புதியதை மாட்டினாலும் பழையதை உடனே அணைத்துவிட முடியாது. பட்டன் போன் வைத்திருப்பவர்கள் அம்போவென்று நின்றுவிடக் கூடாதல்லவா? அதனால் பழைய நெட்வொர்க்கையும் சில வருஷம் ஓட்டிக்கொண்டே போய், பிறகு மெல்ல மெல்ல மூடுவார்கள்.

மாட்டி முடித்ததும் பழைய நெட்வொர்க் பழுதில்லாமல் இருக்கிறதா என்று செக்டருக்கு ஒரு டெஸ்ட் கால் போட வேண்டும். அதற்கென்று ஆபீஸில் ஒரு நம்பர் உண்டு. எப்போது அடித்தாலும் அது பிஸி. வெயில் மண்டையைப் பிளக்கும்போது, இடுப்புப் பட்டையில் தொங்கிக்கொண்டு, அந்தச் சத்தத்தை எவ்வளவு நேரம் கேட்பது? ஏணி தன் அக்காவுக்குப் போட்டுவிடுவான்.

அக்கா அவனைவிட ஆறு வயது மூத்தவள். அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு இருந்த ஒரே ரத்த சொந்தம். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. நான்கு மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கிற ஊரில், அட்டைப்பெட்டி கம்பெனியில் வெட்டுகிற மெஷினில் நின்றே காலத்தைக் கழித்தவள். எத்தனை தடவை அடித்தாலும் எடுப்பாள்.

"அக்கா, டெஸ்ட்" என்பான். ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுவான். பிறகு மூன்றே கேள்வி.

"கேக்குதா?"

"கேக்குது."

"கட் ஆகுதா?"

"கட் ஆகல."

"இரைச்சல் இருக்கா?"

"இரைச்சல் இல்ல. வெக்கிறேன்பா."

அரை நிமிஷம்கூட ஆகாது. ஏணி காகிதத்தில் 'தெளிவு' என்று எழுதிவிட்டு அடுத்த செக்டருக்கு நகர்வான். ஒரு டவருக்கு மூன்று தடவை, இப்படிப் பதினோரு வருஷம். "நான் தினமும் அக்காகூடப் பேசிடுவேன்" என்று மனைவியிடம் பெருமை அடித்துக்கொள்வான். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்று அந்த அழைப்புகளில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது அவன் மண்டையில் உறைக்கவே இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை நேரில் போனாலும் இவன்தான் வாய் ஓயாமல் பேசுவான். அவள் இவன் முகத்தையே பார்த்துக்கொண்டு தலையாட்டுவாள். நம் பேச்சில் அவளுக்கு எவ்வளவு ஆசை பார் என்று நினைத்துக்கொள்வான் மடையன்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவன் மனைவி உண்டானாள். இருவரும் வெளியே மூச்சு விடவில்லை. ஐந்தாம் மாதம் முடியட்டும், அக்காவிடம் நேரில் போய்ச் சொல்லலாம் என்று இருந்தார்கள். பஸ்ஸுக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று. அந்த வாரத்தில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாம் முடிந்துபோனது. ஆஸ்பத்திரியில் அவளுக்குத் துணையாக அவள் தங்கை இருந்தாள். மறுநாள் காலை, அங்கே தன்னை யாரும் எதுவும் செய்யச் சொல்லாததால், ஏணி வேலைக்குப் போனான்.

மேலே ஏறியதும் அக்காவுக்குப் போட்டான். டெஸ்ட் என்று சொல்லவில்லை. எண்ணவும் இல்லை.

"அக்கா, ஒரு கொழந்த இருந்துச்சுக்கா. அஞ்சு மாசம். உன்கிட்ட நேர்ல வந்து சொல்லலாம்னு இருந்தோம். நேத்து போயிடுச்சுக்கா. எனக்கு என்ன பண்றதுனே தெரியல."

"கேக்குது" என்றாள் அக்கா.

அவன் காத்திருந்தான்.

"கட் ஆகல" என்றாள்.

"அக்கா..."

"இரைச்சல் இல்ல. வெக்கிறேன்பா."

வைத்துவிட்டாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றான். கீழேயிருந்து வேன் டிரைவர் என்னாச்சு என்னாச்சு என்று கத்தியதும் காதில் விழவில்லை. சாயங்காலம் மனைவியிடம் சொன்னபோது, "வேற வேலையா இருந்திருப்பாங்க, விடுங்க" என்றாள் அவள். அவனால் விட முடியவில்லை. பெற்ற தாய்போல் வளர்த்தவளிடம் ஒரு அழுகை, ஒரு ஐயோ, அதுகூடவா இல்லை? அன்றோடு அவளுக்குப் போன் போடுவதை நிறுத்தினான். ஆபீஸ் நம்பர் கிடைக்கிறவரை மேலேயே தொங்கினான். இரண்டு வாரம் கழித்து அக்காவிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது: 'இப்பல்லாம் டெஸ்ட் இல்லையா?' குத்திக்காட்டுகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழித்துவிட்டான்.

மூன்று வருஷம் போனது. பழைய நெட்வொர்க்கை மூடுகிற கட்டம் வந்தது. இன்னும் பழைய போனையே வைத்திருப்பவர்களுக்கு முதலில் மெசேஜ் அனுப்புவார்கள். அப்படியும் மாறாமல் சிலர் மிஞ்சினால், வீட்டுக்கே போய்ப் புதுப் போனை இலவசமாகக் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கி வர வேண்டும். அதன் பிறகுதான் அந்த டவரை அணைக்கலாம்.

அந்த வேலையில் ஊர் ஊராகப் போய், அக்காவின் ஊருக்கும் வந்து சேர்ந்தார்கள். சூப்பர்வைசர் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். "ஏணி, இந்த டவர்ல ஒரே ஒரு போன்தான் பாக்கி. விசித்திரமான ஆளா இருக்கும்போல. ராத்திரி பகல் ஆன்லயே இருக்கு. ஒரு கால் வரல, ஒரு கால் போகல. மூணு வருஷமா இப்படியே கெடக்கு. போய்க் குடுத்துட்டு வா. நாலு மணிக்கு மூடணும்."

நம்பரைப் பார்த்தான். கடைசி அழைப்பு வந்த தேதியையும் பார்த்தான். அந்தப் புதன்கிழமை. புதுப் போன் பெட்டியை வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

நான்காவது மாடி. பெல்லை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். நான் என்று தெரிந்தே திறக்கவில்லையோ என்று பழைய கோபம் தலைதூக்கியது. எதிர்வீட்டுக் கதவு திறந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"பெல் அடிச்சுப் பிரயோஜனம் இல்லங்க. தள்ளிட்டு உள்ள போங்க. அவங்களுக்குத்தான் காது கேக்காதே."

"கேக்காதா?"

"சுத்தமா கேக்காது. நீங்க யாரு?"

தம்பி என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. "போன் கம்பெனி" என்றான்.

அக்கா மேஜை முன்னால் உட்கார்ந்து காகிதக் கவர் ஒட்டிக்கொண்டிருந்தாள். பசைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு டம்ளரில் சாய்த்து, சார்ஜர் வயரோடு, அவள் முகத்தைப் பார்க்கிற மாதிரி அந்தப் பட்டன் போன் நின்றது. நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

"வந்துட்டியாடா!" என்றாள். தெரு முழுக்கக் கேட்கிற குரல். ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை. அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, இளைத்துவிட்டாய் என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"எப்போலேர்ந்துக்கா?" என்று தன் காதைத் தொட்டுக் காட்டிக் கேட்டான். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"அது ஆச்சு ஏழெட்டு வருஷம். மெஷின் சத்தத்துல கொஞ்சம் கொஞ்சமாப் போயிடுச்சு. எதுத்தாப்புல நின்னு பேசினா பாதி புரியும்."

"அப்ப போன்ல எப்படி..."

அவள் முகம் மலர்ந்தது. போனை எடுத்துத் திரையின் மூலையைக் காட்டினாள். "இங்க செகண்ட் ஓடும்ல? நீ எண்ணி முடிச்சுக் கேக்கறதுக்குப் பதிமூணு ஆகும். பதினாலுல கேக்குது. பதினெட்டுல கட் ஆகல. இருபத்திரெண்டுல இரைச்சல் இல்ல. காது நல்லா இருந்தப்பவே மனப்பாடம். ஒரு நாளாவது தப்பாச்சா, சொல்லு?"

"இல்லக்கா" என்றான். "தப்பாகல."

"ஏன்கா சொல்லல?" என்று பிறகு கேட்டான்.

"கேக்காதுன்னு தெரிஞ்சா நீ வேற யாருக்காவது போட்டுருவ. தம்பி தெனமும் போன் பண்றான்னு கம்பெனியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன்." போனைப் பழையபடி டம்ளரில் சாய்த்து வைத்தாள். "அப்புறம் நின்னுபோச்சு. இப்ப மெஷினே டெஸ்ட் பண்ணிக்கும்போலன்னு நெனச்சேன். மெசேஜ் ஒண்ணு போட்டேனே, வந்துச்சா?"

"வந்துச்சு."

"அவ எப்படி இருக்கா? இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையாடா?"

ஏணி புதுப் போனைப் பெட்டியிலிருந்து எடுத்தான். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு தட்டினான். இரண்டு தடவை அழித்துவிட்டு மறுபடி தட்டினான். 'ஒண்ணு இருந்தது. மூணு வருஷம் முன்னாடி. அஞ்சு மாசத்தில போயிடுச்சு. மறுநாளே உனக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.'

அக்கா படித்தாள். மறுபடி படித்தாள்.

"நான் என்ன சொன்னேன்?" என்றாள்.

அவள் உதடுகள் மெல்ல அசைந்தன. பதினாலு, பதினெட்டு, இருபத்திரெண்டு.

"இரைச்சல் இல்லன்னா சொன்னேன்?"

தலையைக் குனிந்துகொண்டான். அவள் தன் வாயிலேயே பட்டென்று அடித்துக்கொண்டாள். அவன் கையைப் பிடிப்பதற்குள் இன்னொன்றும் அடித்துக்கொண்டாள். அந்த அழுகையின் சத்தம் அவளுக்குத் தெரியாது. எதிர்வீட்டு அம்மாள் ஓடிவந்து, வாசலிலேயே நின்று, திரும்பிப் போய்விட்டாள். விலகி இருந்த மூன்று வருஷத்தையும் ஏணி அந்த அறையில் சேர்த்து அழுதான். அவள் கல் நெஞ்சுக்காரி என்று எத்தனை ராத்திரி திட்டியிருப்பான்? கல்லாக இருந்தவன் அவன்தான். பதினோரு வருஷத்தில் நாலாவது கேள்வி ஒன்றை அவன் கேட்டிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும்.

மூன்றரைக்கு சூப்பர்வைசர் கூப்பிட்டார். டவர் அடுத்த கட்டடத்தின் மொட்டைமாடியில்தான் இருந்தது. புதுப் போனை அக்காவின் கையில் வைத்து, இதில் முகம் பார்த்துப் பேசலாம், இனிமேல் அப்படித்தான் என்று எழுதிக் காட்டினான். பழைய போனைச் சுட்டி, கடைசியாக ஒரு டெஸ்ட் இருக்கிறது என்றான்.

மேலே ஏறிப் பட்டையை மாட்டிக்கொண்டதும் அக்காவின் பால்கனி நேராகத் தெரிந்தது. அவள் வெளியே வந்து நின்றிருந்தாள். கையில் பழைய போன். நம்பரை அழுத்தினான். உடனே எடுத்துக் காதில் வைத்தாள்.

"அக்கா" என்றான். எண்ண வரவில்லை.

பதினாலு ஆனது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. பதினெட்டும் போனது. இருபத்திரெண்டும் போனது. திரையில் ஓடும் வினாடியை அவள் பார்க்கவே இல்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் கேக்கலடா" என்றாள். "ஆனா வெச்சிடாத. அன்னிக்குச் சொன்னத மறுபடி சொல்லு."

சொன்னான். ஆஸ்பத்திரி வராந்தாவைச் சொன்னான். பெண் குழந்தை என்று பிறகுதான் சொன்னார்கள் என்றான். மனைவி வாங்கி வைத்திருந்த சின்ன சாக்ஸ் இன்னும் அலமாரியில் இருப்பதைச் சொன்னான். இதையெல்லாம் அவன் யாரிடமும் சொன்னதில்லை. அவள் அங்கிருந்தே தலையாட்டினாள்.

கீழே சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக நாலு மணிக்கு டவர் அடியிலிருந்த மெஷின் பெட்டியைத் திறந்து, பழைய நெட்வொர்க்கை அணைத்தார். ஏணியின் காதில் டொக்கென்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை.

பால்கனியில் அக்கா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள். அதனால் அவனும் போனைக் கீழே இறக்காமல் பேசிக்கொண்டே இருந்தான்.