டெல்சே போட்ட கழிகள்

காலை ஆறே முக்காலுக்குச் செய்தி வந்தது. கெஷே குதிரைகளுக்கு உலர்புல் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். லாயத்து முதலாளி டெட்லெஃப் கைபேசியைக் காதிலிருந்து எடுத்தபடியே கதவருகில் வந்து நின்றார்.

"டெல்சே போயிட்டா. தூக்கத்துலயே. மாரடைப்பாம்." ஒரு பெருமூச்சு விட்டார். அவருடைய துக்கம் அத்தோடு முடிந்தது. "சனிக்கிழமை சாம்பல் குதிரைய வெலைக்குப் பாக்க ஆள் வருது. இனி நீதான் ஏறணும்."

கெஷே கையிலிருந்த புல்லை அடுத்த தொட்டியில் போட்டாள்.

பதினேழு வயதில் சாணி அள்ள வந்தவள் டெல்சே. அப்புறம் அந்தப் பண்ணையை விட்டுப் போகவேயில்லை. இளங்குதிரைகளைத் தடை தாண்டப் பழக்குவாள். அவை பதக்கம் வாங்கும்போது படத்தில் வேறு யாராவது சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஜெர்மனியின் ஹோல்ஸ்டைனில் லாயம் வைத்திருப்பவனெல்லாம் குதிரை தெரிந்தவன் என்றுதான் நினைப்பு. டெல்சே அவர்களில் ஒருவரையும் மதித்ததில்லை.

முதுகில் ஆளில்லாமல் இளங்குதிரைகளைத் தாண்டவிட்டுக் காட்டும் நாட்களில் ஊரே பலகைச் சுவரில் சாய்ந்து நிற்கும். எது ரொம்ப மேலே எம்புகிறதோ அதற்குக் கைதட்டல். டெல்சே குதிரையைப் பார்க்க மாட்டாள், கைதட்டுகிறவர்களைப் பார்ப்பாள்.

"முதுகு பலகையாட்டம் கெடக்கு, காலு தொங்குது. கூரைய தொட்டா போதும் இவனுங்களுக்கு. குதிரை எதுக்கு? பட்டாசு வாங்கிக் கொளுத்த வேண்டியதுதானே."

சாம்பல் குதிரையும் அப்படிப் பட்டாசாக ஆக்கப்பட்டதுதான். அது தாண்டும் நேரத்தில் ஒருவன் மறைவாக மூங்கிலைத் தூக்கி அதன் முன்னங்காலில் இடிப்பான். வலிக்குப் பயந்து அடுத்த முறை எக்கிக் குதிக்கும். சட்டப்படி கூடாதுதான். கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் சட்டத்துக்குக் கண் தெரியாது என்பது டெட்லெஃப் கட்சி. கடைசியில் அந்தக் குதிரை தலையை வானத்துக்குத் தூக்கி, முதுகைக் குழித்து, நாலு காலும் ஒன்றாகத் தொப்பென்று விழும். ஏறியவர்களையெல்லாம் தள்ளியது. டெல்சேயையும் கெஷேயையும் மட்டும்தான் சுமந்தது.

டெல்சே தடைகளையெல்லாம் பிரித்து, கழிகளை மணலில் கிடத்தினாள். குளிர்காலம் முழுக்க அவற்றின் மேல் நடை, அப்புறம் மெல்லோட்டம். பிறகு முழங்கால் உயரத்தில் பெருக்கல் குறிபோல ஒரு தடை. அதற்கு முன்னால் தரையில் ஒரு கழி, குதிரை சரியான இடத்தில் கால் ஊன்றி எழும்ப. அது பழகியதும் ஒரு பாய்ச்சல் தள்ளி அடுத்தது. குதிரை எட்டு வைக்கும் நீளத்துக்குத் தக்கபடி தினமும் காலடியால் அளந்து கழிகளை நகர்த்துவாள்.

பக்கத்துப் பண்ணை ஹிண்ணெர்க் எட்டிப் பார்த்தான். "என்ன டெல்சே, குதிரைக்கு ஒண்ணு ரெண்டு சொல்லித் தர்றியா?"

"ஆமா. அது முடிச்சதும் உன்னையும் சேத்துக்கறேன்."

ஒருநாள் டெட்லெஃப் மூங்கிலோடு உள்ளே வந்தார். மூக்கு ஒழுகிய வயதிலிருந்து அவரைப் பார்த்தவள் டெல்சே. மரியாதையெல்லாம் கிடையாது.

"குடு அத. நான் பிடிக்கறேன், நீ தாண்டு. கால எவ்வளவு அழகா மடக்கறன்னு பாக்கலாம்."

டெட்லெஃப் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அடக்கம். பிறகு காபியும் வெண்ணெய் கேக்கும். மூன்றாவது துண்டை மென்றுகொண்டே டெட்லெஃப் சொன்னார்: "பிறவியிலயே அவளுக்குக் குதிரைன்னா ஒரு உணர்வு." எல்லாரும் தலையாட்டினார்கள். கெஷே தட்டைத் தள்ளி வைத்தாள். உணர்வாம். குளிரில் விரல் வெடிக்கக் கழி நகர்த்தியதற்கு இவர்கள் வைத்த பெயர்.

சனிக்கிழமை வந்தவர் பளபளக்கும் காலணியோடு மணலில் இறங்கவே யோசித்தார். டெல்சே போன நாளிலிருந்து பூட்டிக் கிடந்த பயிற்சிக் கூடத்தில் டெல்சேயின் வரிசை அப்படியே இருந்தது. கடைசித் தடையில் மட்டும் கழி இல்லை. கெஷே அதற்கு முந்தையது வரை ஓட்டினாள். குதிரை கழுத்தை முன்னால் நீட்டி, முதுகை வில்லாக வளைத்து, இரண்டு முட்டியையும் ஒரே சீராக மடக்கித் தாண்டியது. சத்தமே இல்லை.

"அவ்வளவுதானா? இத எங்க வீட்டு நாயே தாண்டுமே," என்றார் வந்தவர்.

டெட்லெஃப் கதவுக்குப் பின்னாலிருந்து மூங்கிலை எடுத்தார். "இருங்க, இப்ப பாருங்க."

ஒரே ஒரு இடி போதும், குளிர்காலம் முழுக்கச் செய்ததெல்லாம் போய்விடும். கெஷே இறங்கிச் சேணத்தின் வாரைத் தளர்த்தினாள்.

"நான் ஏறல, முதலாளி. கம்ப அவர்கிட்ட குடுத்துட்டு நீங்க தாண்டுங்க. டெல்சே கேட்டது அப்படியே நிக்குது."

வந்தவர் மூங்கிலைப் பார்த்தார். இந்த இடத்தில் தன்னை யாரும் பார்த்துவிடக்கூடாது என்று திடீரென்று தோன்றியிருக்க வேண்டும். நேர்மை என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது. அவசர வேலை ஏதோ சொல்லிவிட்டுக் காரைப் பார்க்க நடந்தார். டெட்லெஃப் மூங்கிலை மணலில் எறிந்தார்.

"வேற ஆள் ஏறினா தள்ளும். அந்தத் தைரியந்தானே உனக்கு?"

"ஆமா, முதலாளி."

"சரி, கோடை வரைக்கும் வெச்சுக்கோ. அப்புறம் வித்துருவேன்." சொல்லிவிட்டுக் காரின் பின்னால் ஓடினார்.

கெஷே குதிரையைப் பிடித்துக்கொண்டு வரிசையின் கோடிக்கு நடந்தாள். கடைசித் தடையின் இடது தூணில் கழியைத் தாங்கும் கொக்கி ஒரு துளை மேலே ஏற்றப்பட்டிருந்தது. வலது தூணில் அது பழைய துளையிலேயே இருந்தது. மீதியை மறுநாள் செய்யலாம் என்று டெல்சே விட்டுப்போன கழி மணலில் கிடந்தது.