தொண்ணூற்றெட்டு மாடல்

ஒரு காரை வைத்துக் குடும்பமே பிழைத்துவிடலாம் என்று என் வீட்டுக்காரரின் மண்டையில் ஏற்றியது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஆளைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

அவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வெளிநாட்டு அதிகாரிக்கு டிரைவர். எழுதும்போது அவர் இவர் என்று மரியாதை வருகிறது. வீட்டில் நீ, வா, போ தான். அதிகாரியின் கார் பெரிய ஜெர்மன் கார், தொண்ணூற்றெட்டாம் வருஷத்து மாடல். என் வீட்டுக்காரர் ஓட்டிய காலம் முழுக்க அது ஒரு தடவைகூட வழியில் நின்றதில்லை. அதிலிருந்து அவருக்கு அந்த வருஷத்தின் மேலேயே ஒரு பித்து.

சுங்குவார்சத்திரத்தில் ஒரு டீக்கடைக்குப் பின்னால் குடியிருந்தோம். அதிகாரிகளைக் கம்பெனியில் இறக்கிவிட்ட டிரைவர்கள் எல்லாம் அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். எந்த வண்டி எந்த வருஷத்தில் உருப்படியாக வந்தது, எந்த வருஷத்தில் கெட்டது என்பதுதான் பேச்சு. பெண்ணுக்கு ஜாதகம் பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு நோண்ட மாட்டார்கள். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

"புது ஷேப்பு வந்த மொத வருசத்து வண்டிய மட்டும் தொடாத. கம்பெனிக்காரன் நம்ம தலைலதான் தொழில் கத்துக்குவான். மூணாவது வருசம்தான் வண்டிக்குப் புத்தி வரும். தொண்ணூத்தெட்டு புத்தி வந்த வண்டி."

வெளியாட்களின் கார்களைக் கம்பெனி காண்டிராக்டுக்கு எடுக்கப் போகிறது என்று இரண்டாயிரத்து இரண்டில் ஒரு நாள் செய்தி வந்தது. சம்பளத்தில் இருக்கிற டிரைவர் தன் வண்டியைக் காண்டிராக்டுக்கு விட முடியாது. போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மானேஜர், "நல்ல வண்டியா எடுத்துட்டு வாப்பா, மொதல்ல உன் வண்டிதான்" என்றார். அந்த வாய் வார்த்தையை நம்பி என் வீட்டுக்காரர் வேலையை விட்டார். என்னிடம் சொன்னது விட்ட பிறகுதான். நான் போட்ட சண்டையில் டீக்கடையே எட்டிப் பார்த்தது.

மாமனார் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனதில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு படப்பையில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் போனோம். அதே ஜெர்மன் கார் இரண்டு நின்றன. ஒன்று தொண்ணூற்றெட்டு, கறுப்பு. இன்னொன்று இரண்டாயிரத்து ஒன்று, வெள்ளி நிறம். அது ஒருமுறை அடிபட்டுப் பழுது பார்த்த வண்டி என்பதால் இரண்டுக்கும் ஒரே விலைதான் சொன்னார்கள். எனக்கு வெள்ளி நிறம்தான் பிடித்தது.

"புதுசு இருக்கச் சொல்ல பழச எதுக்குய்யா வாங்குற?"

"அது புது ஷேப்போட மொத வருசத்து வண்டிம்மே. கண்ணாடி எறங்காது, கியர் விழாது. உன்ன மாரி எப்ப மூஞ்சிய தூக்கிக்கும்னே தெரியாது."

கறுப்புக் காரை அவர் பார்த்த விதம் இன்னும் நினைவிருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, வெள்ளத்தில் நின்ற சேற்றுக்கறை இருக்கிறதா என்று தேடினார். காலடி விரிப்பைத் தூக்கி முகர்ந்தார். எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எங்கள் கல்யாணத்தின்போதுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

வாடகை வண்டியாகப் பதிந்து, வெள்ளை போர்டை மஞ்சளாக மாற்றினோம். வல்லக்கோட்டைக் கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, நேராகக் கம்பெனிக்குப் போனோம். என்னையும் பின்சீட்டில் உட்கார வைத்திருந்தார்.

அந்த மானேஜர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்து வருஷத்தைப் பார்த்தார். மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை எடுப்பதில்லை என்றார்.

"சார், ஒரு வாட்டி ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்க சார். இந்த வருசத்து வண்டி நிக்கவே நிக்காது."

"நான் இன்னாப்பா பண்றது. ரூல் அப்டி கீது."

அவர் கெட்டவரில்லை. எங்கள் இருவருக்கும் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். தப்பு எங்கே என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வண்டி எந்த வருஷம் என்று யார் கேட்டாலும், எப்படி ஓடும் என்றுதான் கேட்கிறார்கள் என என் வீட்டுக்காரர் நினைத்துவந்தார். டீக்கடையில் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். எவ்வளவு பழசு என்று மட்டும் பார்க்கிற ஆள் இருப்பார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இதைக்கூட விசாரிக்காமல் வேலையை விட்டவரை என்ன சொல்லித் திட்டுவது? வழி முழுக்கத் திட்டினேன்.

வெள்ளி நிறக் காரை ஒரகடத்துக்காரர் ஒருவர் வாங்கி அதே கம்பெனிக்குக் காண்டிராக்டில் விட்டார். என் வீட்டுக்காரர் சொன்னது அத்தனையும் அப்படியே நடந்தது. கண்ணாடி பாதியில் நின்றது, கியர் உதறியது, இரண்டு முறை கட்டி இழுத்து வந்தார்கள். ஆனாலும் காண்டிராக்ட் கைவிட்டுப் போகவில்லை, வருஷம் சரியாக இருந்ததே. எங்கள் வண்டி எப்போதாவது மாப்பிள்ளை அழைப்புக்குப் போகும். மற்ற நாளெல்லாம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. தினமும் காலையில் அதை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நிறுத்துவார். சாவியைத் திருப்பினால் போதும், உடனே கிளம்பிவிடும்.

வெள்ளி நிறக் காருக்கு டிரைவர் வேண்டும் என்று ஒரகடத்துக்காரர் ஆளனுப்பினார். இவர் போய்ச் சேர்ந்தார்.

"அந்த வண்டிக்கா போற? வெக்கமா இல்ல?"

"ஓட்டத்தான போறேன். கட்டிக்கவா போறேன்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்று சாப்பிடாமல் போனார்.

கடைசியில் எங்கள் வண்டியை விற்க வேண்டியதாயிற்று. தாம்பரத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். சுற்றிவந்து பார்த்துவிட்டு, "தொண்ணூத்தெட்டு மாடல் நல்லா ஓடும்னு சொல்றாங்களே?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் இனி நிறுத்த மாட்டார் என்று நினைத்து நான் சமையலறைக்குத் திரும்பினேன்.

"அதெல்லாம் இன்னா தெரியும் சார். பழைய வண்டி" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. அந்த வண்டியால் அவரை அவ்வளவு திட்டிய நானே வெளியே வந்து, "இல்லீங்க, நல்ல வண்டி. ஒரு நாளும் நின்னதில்ல" என்றேன்.

"அவரே பழசுன்னு ஒத்துக்கினாரேம்மா" என்று வந்தவர் விலையைக் குறைத்துக் கேட்டார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டு, சாவியை எடுத்துவர உள்ளே போனார்.